நான்கு பழைய எதிர்காலங்கள், ஒரு சனிக்கிழமை மாலை

கோத்தகிரியில் எங்கள் வாசகசாலை மாதம் ஒரு படம் போடுகிறது. மாடிக் கூடத்தில் அறுபது பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு ப்ரொஜெக்டர், திரைக்குப் பதிலாக வெள்ளையடித்த சுவர். பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்துவிட்டு, முகம் கழுவிய கையோடு நேராக வந்துவிடும் அக்காமார் வருவார்கள். ஊட்டியில் பிலிம் தயாரித்த எச்.பி.எஃப்பில் (இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ்) வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் ப்ரொஜெக்டர் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொள்வார். பழைய படங்கள் எதிர்காலத்தை எப்படிக் கற்பனை செய்தன என்பதற்கு அடுத்த மாதம் ஒரு படம் போடுவதென்று பேசிவிட்டோம். எந்தப் படம் என்பதில்தான் இழுபறி.

நான்கு பெயர்கள் வந்திருக்கின்றன. இயற்பியல் படிக்கும் கல்லூரித் தங்கை 1927-இல் வந்த ஜெர்மன் ஊமைப்படமான 'மெட்ரோபொலிஸ்' வேண்டும் என்கிறாள். எச்.பி.எஃப் அண்ணனுக்கு 1968-இன் ஆங்கில விண்வெளிப் படம் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'. "எம்.ஜி.ஆர். படத்துலயே வேற கிரகத்து ஆளு வந்துட்டுப் போயாச்சு, நம்ம படத்தை விட்டுட்டு ஏன் ஊர் ஊரா தேடுறீங்க?" என்று ஓர் அக்கா 1963-இன் 'கலை அரசி'யை எடுத்து வைத்தார். நான்காவது நான் சொன்னது: 1958-இல் வந்த பிரெஞ்சுப் படம் 'மோன் ஓங்கிள்'. என் பக்கம் ஒரு சாய்வு இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் நான்கையும் இந்த மாதம் முழுக்க இரவில் உட்கார்ந்து நேர்மையாகப் பார்த்தேன். ஒரு படத்தில் என் எண்ணம் மாறியது.

எங்கள் நிலைமையையும் சொல்லிவிட வேண்டும். நாலரைக்குத் தொடங்கினால் ஏழரைக்குள் முடிக்க வேண்டும். மேகம் இறங்கிவிட்டால் சாலை தெரியாது. எட்டு மணி பஸ்ஸை விட்டால் கீழ் ஊர்க்காரர்கள் நடக்க வேண்டியதுதான், காட்டெருமை நிற்கிற வழியில். திரையின் அடியில் ஓடும் ஆங்கில எழுத்தை ஓட்டத்தோடு படிக்கக்கூடியவர்கள் கூடத்தில் பாதிப் பேர்கூட இல்லை. ஆகவே கண்ணால் பார்த்தே புரிய வேண்டும், எட்டு வயதுப் பிள்ளையும் எழுபது வயதுப் பாட்டியும் சேர்ந்து உட்கார வேண்டும்.

முதலில் நான் எடுத்துக்கொண்ட அளவுகோல், எந்தப் படம் எதிர்காலத்தைச் சரியாகச் சொன்னது என்பது. இரண்டு இரவுக்கு மேல் அது நிற்கவில்லை. சரியாகச் சொன்னதைப் பார்த்து "அட, அப்பவே சொல்லிருக்கான்" என்று ஒரு நிமிஷம் வியக்கலாம், அடுத்த நிமிஷம் அந்த வியப்பு தீர்ந்துவிடுகிறது. பொருள்கள் வந்தபின் வீட்டில் ஆட்கள் எப்படி நடந்துகொண்டார்கள், யார் கை எதைத் தொட்டது, யார் எதற்குப் பயந்தார்கள் என்பதைக் கவனித்த படங்கள்தான் மனசில் தங்கின. அந்தக் கண்ணோடுதான் பிறகு நான்கையும் பார்த்தேன்.

'மெட்ரோபொலிஸ்' தொடங்கியதுமே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஷிப்ட் மாறுகிறது. உள்ளே போகும் வரிசையும் வெளியே வரும் வரிசையும் தலை கவிழ்ந்து எதிரெதிராக நகர்கின்றன. வெளியே வருகிறவர்களின் நடை உள்ளே போகிறவர்களின் நடையைவிடப் பாதி வேகம்தான். இயக்குநர் ஃப்ரிட்ஸ் லாங் அதை யாரையும் பேசவிடாமல் நடையிலேயே சொல்லிவிடுகிறார். என் அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் ராத்திரி ஷிப்ட் பார்த்தவர். சீசன் காலத்தில் விடியற்காலை சங்கு ஊதியபின் மேட்டில் ஏறி வரும் அவர் நடை அப்படித்தான் இருக்கும். இன்னொரு காட்சியில் ஒரு தொழிலாளி பெரிய கடிகாரம் போன்ற வட்டத்தின் முன் நின்று, எரியும் விளக்கையெல்லாம் துரத்தித் துரத்தி முள்ளைத் திருப்பிக்கொண்டே இருக்கிறான். கையை எடுக்கவே முடியாது. அங்கே ஷிப்ட் கடிகாரத்தில் பத்து மணி நேரம்தான் எழுதியிருக்கிறது. மேலே முதலாளி அறையில் சுவரில் ஒரு கருவி; அதில் மேற்பார்வையாளரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசுகிறார். 1927-இல் முகம் பார்த்துப் பேசும் தொலைபேசி. அது யார் கையில் இருக்கிறது என்பதையும் சேர்த்தே காட்டியதுதான் இந்தப் படத்தின் பலம்.

இந்தப் படம் பிழைத்து வந்த கதையே ஒரு படம். வெளியான சில மாதங்களிலேயே வெட்டிச் சுருக்கிவிட்டார்கள். வெட்டுப்பட்ட பகுதி போயே போய்விட்டது என்று எண்பது ஆண்டுகள் எல்லோரும் நினைத்திருக்க, 2008-இல் புவனோஸ் ஐரிஸில் ஓர் அருங்காட்சியகத்தில் 16 மி.மீ. பிரதி ஒன்று கிடைத்தது. கீறல் விழுந்த அந்தப் பகுதிகளையும் சேர்த்து 2010-இல் ஏறக்குறைய இரண்டரை மணி நேரப் படமாக மீட்டுக் காட்டினார்கள். எச்.பி.எஃப் அண்ணன் இதைக் கேட்டதும் கீறலைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்றார்.

ஆனால் முடிவுதான் எனக்கு ஒப்பவில்லை. தலைக்கும் கைக்கும் நடுவே இதயம் வேண்டும் என்று சொல்லி, முதலாளியும் மேற்பார்வையாளரும் கை குலுக்கிக்கொள்வதோடு படம் முடிகிறது. பத்து மணி நேரம் எட்டாயிற்றா, கூலி கூடிற்றா என்று ஒரு வார்த்தை இல்லை. தோட்டத்தில் வேலை பார்க்கும் அக்காமார் முன்னால் இதைப் போட்டுவிட்டு, "அவ்வளவுதானா?" என்று அவர்கள் கேட்டால் நான் என்ன சொல்வேன்? கதையைச் சொல்லும் எழுத்து அட்டைகளையும் ஒருவர் உரக்கத் தமிழில் படித்துக்கொண்டே வர வேண்டும். தங்கை தானே படிப்பதாகச் சொல்கிறாள். அவளால் முடியும். இரண்டரை மணி நேரம் சின்னப் பிள்ளைகள் தாங்குவார்களா என்பதுதான் கேள்வி.

'கலை அரசி'யைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஏ. காசிலிங்கம் இயக்கி, எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த படம். விஞ்ஞானத்தில் எங்கோ போய்விட்ட ஒரு கிரகத்தில் இசை இல்லை. கற்றுக்கொடுக்க ஆள் தேடி நம்பியார் பூமிக்கு வந்து பானுமதியைக் கொண்டுபோகிறார். எல்லாம் இருக்கிற இடத்தில் பாட்டு இல்லை என்ற இந்த ஒரு எண்ணம், மற்ற மூன்று படங்களிலும் நான் காணாதது. நிஜமாகவே பாடத் தெரிந்த பானுமதியை அந்த வேடத்தில் போட்டதும் பொருத்தம். ஆனால் அந்தக் கிரகத்து மனிதர்கள் காலையில் எழுந்து என்ன செய்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்ற பக்கம் படம் அதிகம் போவதில்லை. ஆள்மாறாட்டமும் காதலும் சண்டையுமாகக் கதை பூமிக்கே திரும்பிவிடுகிறது. கூடம் நிறையும், கைத்தட்டல் விழும், மொழி பிரச்சினையே இல்லை. பொங்கலுக்குப் போட வேண்டிய படம் என்று தனியே குறித்து வைத்திருக்கிறேன். அக்காவிடமும் அப்படித்தான் சொன்னேன்.

'2001' பற்றித்தான் நான் எண்ணத்தை மாற்றிக்கொண்டேன். இளவயதில் பார்த்தபோது மெதுவாக ஓடும் விண்கப்பல்களும் புரியாத முடிவும்தான் நினைவில் நின்றன. இந்த முறை ஒரு சின்னக் காட்சி என்னை நிறுத்தி வைத்தது.

விண்வெளி நிலையத்தில் ஒரு விஞ்ஞானி இறங்குகிறார். நிலவுக்குப் போகும் வழியில் சிறிது நேரம் ஓய்வு. ஒரு சின்ன அறைக்குள் போய் அட்டையைச் செருகி வீட்டுக்குப் போன் செய்கிறார். திரையில் அவருடைய சின்ன மகள். இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கின் சொந்த மகளே நடித்தது. அம்மா எங்கே என்று கேட்கிறார், கடைக்குப் போயிருக்கிறாள். உன்னைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணைக் கூப்பிடு என்கிறார். அவள் குளியலறையில் இருக்கிறாள். உன் பிறந்தநாளுக்கு அப்பாவால் வர முடியாது, என்ன வேண்டும் சொல் என்று பேசிவிட்டு, அம்மா வந்தால் நான் போன் பண்ணினேன் என்று சொல் என்கிறார். திரையில் கட்டணம் விழுகிறது: 1 டாலர் 70 சென்ட். அவருக்குப் பின்னால் ஜன்னலில் பூமி சுற்றிக்கொண்டிருக்கிறது.

விண்வெளியில் தங்கும் விடுதியைக் கற்பனை செய்தவர்களுக்கு, கடைக்குப் போன அம்மாவின் கைப்பையில் ஒரு போன் இருக்கும் என்று தோன்றவில்லை. பேசும் கருவி வீட்டுச் சுவரோடும் நிலையத்து அறையோடும் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. மனைவியைப் பிடிக்க முடியாமல் மனுஷன் நிலவுக்குக் கிளம்பிவிடுகிறார். இதைத் தவறாகக் கணித்துவிட்டார்கள் என்று சொல்வதற்காக எழுதவில்லை. அந்தக் காட்சியில் ஒன்று மட்டும் துல்லியமாக இருக்கிறது: முகம் தெரிந்தும் அப்பா வரப்போவதில்லை. வெலிங்டன் பக்கத்தில் ராணுவத்தில் இருக்கும் குடும்பங்கள் எத்தனை, வளைகுடாவில் ஆள் இருக்கும் வீடுகள் எத்தனை. எங்கள் தெருவில் சிக்னல் கிடைக்கும் ஒரே மேடு தண்ணீர்த் தொட்டிப் பக்கம். சாயங்காலம் அங்கே நின்று போனை முகத்துக்கு நேராகப் பிடித்து, "அப்பா, கேக் வாங்கியாச்சு, பாருங்க" என்று காட்டும் பிள்ளையை எத்தனை முறை பார்த்திருக்கிறேன்!

இந்தக் கதையை குப்ரிக்கோடு சேர்ந்து எழுதிய ஆர்தர் சி. கிளார்க் 1956-இலிருந்து சாகும் வரை இலங்கையில் வாழ்ந்தவர். செயற்கைக்கோள்களைப் பூமிக்கு மேலே ஒரே இடத்தில் நிற்பதுபோல் நிறுத்தி உலகம் முழுக்கச் செய்தி அனுப்பலாம் என்று 1945-லேயே எழுதியவரும் அவர்தான். படத்தில் இரண்டு பேர் சாப்பாட்டு மேசையில் தட்டையான பலகைத் திரையில் செய்தி பார்த்துக்கொண்டே சாப்பிடுவார்கள். 2011-இல் ஆப்பிளும் சாம்சங்கும் டேப்லட் வடிவத்துக்காக வழக்காடியபோது சாம்சங் இந்தக் காட்சியை நீதிமன்றத்தில் எடுத்துக் காட்டியது. ஹால் என்ற கணினி கப்பல் முழுக்க நடத்துகிறது, சதுரங்கம் ஆடுகிறது, கடைசியில் மனிதனுக்குக் கதவைத் திறக்க மறுக்கிறது. இன்று போனிடம் தமிழில் பேசிப் பாட்டுக் கேட்கும் பாட்டிகளுக்கு ஹாலை அறிமுகப்படுத்தவே வேண்டாம்.

அண்ணன் இந்தப் படத்தைச் சொன்னதற்குக் காரணம் வேறு. நிலவில் புதைந்திருந்த கருங்கல்லின் முன்னால் விண்வெளி உடையோடு எல்லோரும் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். கல்யாண வீட்டில் போல, போட்டோக்காரர் கையைக் காட்டி எல்லோரையும் நெருங்கி நிற்கச் சொல்வார். எச்.பி.எஃப்பில் உற்பத்தி தொடங்கியது 1967-இல். இந்தப் படம் வந்தது அடுத்த வருஷம். அண்ணன் அங்கே சேர்ந்தது அதற்கும் பல வருஷம் கழித்து. வெளிச்சம் பட்டால் பிலிம் போய்விடும் என்பதால் இருட்டிலேயே வேலை. எதிரே ஆள் வந்தால் இடித்துக்கொள்ளாமல் இருக்கக் குரல் கொடுத்துக்கொண்டே நடந்த பழக்கம் அவருக்கு இன்னும் போகவில்லை. கரண்ட் போனால் எங்கள் கூடத்தில் அவர் மட்டும்தான் தடுமாறாமல் எழுந்து போய் மெழுகுவர்த்தி எடுத்து வருவார். "நிலாவுக்குப் போனாலும் போட்டோவுக்கு நம்ம பிலிம் வேணும்னுதான் நினைச்சோம்" என்றார். பெரிய பெரிய எதிர்காலங்களையெல்லாம் வரைந்த படங்களில் பிலிமே இல்லாத போட்டோ வரும் என்று காட்டிய ஒன்றை நான் பார்க்கவில்லை. இந்து நகரில் அந்தத் தொழிற்சாலை நலிந்து, பிறகு மூடப்பட்டே விட்டது.

இதே மலையில் இன்னொன்றும் நடந்தது. படம் வந்து இரண்டே வருஷத்தில், 1970-இல், முத்தொரையில் ரேடியோ தொலைநோக்கி எழுந்தது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். ஊட்டி இருப்பது ஏறக்குறைய 11 டிகிரி அட்சரேகையில். அதே 11 டிகிரி சரிவுள்ள மலையைத் தேடிப் பிடித்து அதன்மேல் கட்டினார்கள். அதனால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகக் கிடக்கிறது, ஒரே அச்சில் திருப்பினாலே வானத்தில் நகரும் ஒரு பொருளை மணிக்கணக்கில் தொடரலாம். கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் செய்தது. வெள்ளைச் சுவரும் வளைந்த நாற்காலிகளுமாகப் படத்தில் தெரிந்த விண்வெளிக் காலம், நம் ஊரில் கேரட் தோட்டங்களுக்கு மேலே எஃகுக் கம்பியாக வந்து நின்றது. பிள்ளைகளுக்கு இந்தப் படத்தைக் காட்டினால் அடுத்த வாரமே அங்கே கூட்டிப்போக வேண்டும் என்பது என் ஆசை.

ஆனால் இந்தச் சனிக்கிழமைக்கு இது ஒத்துவராது. இரண்டரை மணி நேரம். முதல் வார்த்தை பேசவே இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். ஹால் பேசுவதும் அதை அணைப்பதும் புரியாவிட்டால் பாதிப் படம் போச்சு, புரிய வேண்டுமென்றால் அடியில் ஓடுவதைப் படிக்க வேண்டும். நான் சொன்ன அந்தப் போன் காட்சியோ இரண்டு நிமிஷம்தான். அதை மட்டும் வெட்டிப் போடலாமே என்று ஒருவர் சொன்னார். எண்பது வருஷம் வெட்டுப்பட்டே கிடந்த படத்துக்காக இப்போதுதானே வருத்தப்பட்டோம்? முழுதாகப் போடலாம், இல்லையென்றால் வேண்டாம்.

இனி 'மோன் ஓங்கிள்'. 'என் மாமா' என்று பொருள். படத்தில் அவர் பையனுடைய அம்மாவின் உடன்பிறந்தவர், ஆக நம் கணக்கில் தாய்மாமன். இந்த ஒரு வார்த்தையைச் சொல்லி ஆரம்பித்தால் போதும், எங்கள் கூடத்துக்குப் பாதிப் படம் புரிந்துவிடும். அப்பா பிளாஸ்டிக் குழாய்த் தொழிற்சாலை நடத்துகிறார், வீடு முழுக்கப் புது யுகம். பையனுக்கு அந்த வீட்டில் மூச்சு முட்டுகிறது. பழைய தெருவில் குடியிருக்கும் மாமா வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனால்தான் அவனுக்குச் சிரிப்பு. மாமாவாக நடித்ததும் இயக்கியதும் ழாக் தாத்தி.

அந்த வீட்டை நீங்கள் பார்க்க வேண்டும். முற்றத்தில் ஒரு பெரிய மீன் சிலை, வாயிலிருந்து தண்ணீர் பீச்சும். வாசல் மணி அடித்தால் வீட்டம்மா ஓடிப்போய் ஸ்விட்சைப் போடுவார், மீன் தண்ணீர் பீச்சத் தொடங்கும். வந்தது தம்பிதான், மளிகைக்காரர்தான் என்று தெரிந்தால் அணைத்துவிடுவார். வந்தவரின் தகுதி தெரிந்துதான் தண்ணீர். கல் பதித்த வளைந்த பாதையில்தான் நடக்க வேண்டும். எதிரே நிற்கும் தோழியை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டே வருகிறவர், பாதை வளைகிறபடி வளைந்து, ஆளைத் தாண்டி வேறு பக்கம் கையை நீட்டிக்கொண்டு போவார். சமையலறையில் மாமா ஒரு டம்ளர் தேடுகிறார். ஒரு கூஜா கீழே விழுகிறது, பந்துபோல் குதிக்கிறது. பிளாஸ்டிக்! அதிசயமாக இன்னொரு முறை போட்டுப் பார்க்கிறார், குதிக்கிறது. அடுத்து ஒரு கண்ணாடி டம்ளரையும் அப்படியே விட்டுப் பார்க்கிறார்.

எனக்கு நெஞ்சில் தைத்தது கார் ஷெட் காட்சி. கணவனும் மனைவியும் புதிதாகப் போட்ட தானியங்கிக் கதவைப் பெருமையாகப் பார்க்கிறார்கள். ஒரு ஒளிக்கதிரைக் குறுக்கே கடந்தால் கதவு மூடும், மறுபடி கடந்தால் திறக்கும். அவர்கள் உள்ளே இருக்கும்போது வீட்டு நாய் அந்தக் கதிரைக் கடந்து ஓடுகிறது, கதவு மூடிக்கொள்கிறது. உள்ளேயிருந்து வேலைக்காரப் பெண்ணைக் கூப்பிட்டு, அந்த இடத்தைக் கடந்து போ, போதும் என்கிறார்கள். அவள் மாட்டேன் என்கிறாள். கரண்ட் பிடிக்கும் என்று பயம்.

அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு எழுந்து போய் ஜன்னலோரம் நின்றேன். இரண்டு வருஷத்துக்கு முன் அம்மாவைக் கீழே கோவையில் ஒரு பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப்போயிருந்தேன். கழிவறைக்குப் போனவர் வெகு நேரம் வரவில்லை. உள்ளே போன ஒரு பெண்ணைப் பார்க்கச் சொன்னேன். குழாயில் திருப்பும் பிடி எதுவும் இல்லை, கை நீட்டினால் தண்ணீர் தானாக வரும் குழாய் அது. அம்மா பிடியைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, பையிலிருந்த பாட்டில் தண்ணீரில் கை கழுவிக்கொண்டு, ஏதோ தப்பு செய்துவிட்டதுபோல் நின்றிருக்கிறார். நாற்பது வருஷம் கொழுந்து எடுத்த கை. வெளியே வந்ததும் என்னிடம், "எனக்குத் தெரியலப்பா" என்றார். அந்தக் குழாயை வைத்தவர்கள் யாருடைய கையை நினைத்து வைத்தார்கள் என்று எனக்கு அன்றைக்குக் கோபம் வந்தது. இன்றைக்கும் அது தீரவில்லை. 1958-இல் ஒருவர் அந்த வேலைக்காரப் பெண்ணின் பயத்தைப் பார்த்திருக்கிறார், அவளை முட்டாளாக்காமல் காட்டியிருக்கிறார். அந்தக் காட்சியில் மாட்டிக்கொண்டவர்கள் வீட்டுக்காரர்கள்தான்.

விண்கலம் இல்லை, ரோபோ இல்லை, இது எதிர்காலப் படமா என்று தங்கை கேட்டாள். நியாயமான கேள்வி. படம் நடப்பது அதன் சொந்தக் காலத்திலேயே. ஆனால் அந்த வீடு அன்றைய பிரான்சில் வரப்போகும் வாழ்க்கையின் மாதிரி. நீஸ் நகர ஸ்டுடியோவில் செட்டாகவே கட்டி, படம் முடிந்ததும் இடித்துவிட்டார்கள். மாமாவின் பழைய தெருவைப் பாரிஸ் பக்கத்தில் சேன்-மோர் என்ற நிஜ ஊரில் எடுத்தார்கள். கோத்தகிரியிலிருந்து குன்னூர் போகும் வழியில் இப்போது எழும் பங்களாக்களைப் பார்த்தால் அந்த செட்டை இடிக்கவே இல்லையோ என்று தோன்றுகிறது. ரிமோட் கேட், கண்ணாடிச் சுவர், பாதையில் மட்டும் நடக்கச் சொல்லும் புல்வெளி.

நடைமுறையிலும் இதற்குத்தான் சாதகம். ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஆறரைக்கு முடிந்துவிடும், டீ குடித்துப் பேசிவிட்டுப் போகலாம். பேச்சு குறைவு. இருக்கும் பேச்சும் பக்கத்து அறைச் சத்தம்போல முணுமுணுப்பாகத்தான் கேட்கும், தாத்தி வேண்டுமென்றே அப்படி வைத்தது. ஆங்கிலத்தில் தனியே எடுத்த பதிப்பும் உண்டு, கொஞ்சம் சின்னது. பிரெஞ்சையே போடலாம், புரியாத மொழி எல்லோருக்கும் ஒரே அளவு புரியாது, கூடத்தில் யாரும் யாருக்கும் குறைச்சல் இல்லை. இதன் குறையையும் சொல்கிறேன். பழைய தெருவை ரொம்பவும் இனிப்பாகக் காட்டுகிறது. தோட்டத்து லைன் வீட்டில் பொதுக் குழாயில் குடம் வைத்து நின்றவர்களுக்குப் பழையதெல்லாம் அவ்வளவு இனிப்பில்லை. ஸ்விட்சைப் போட்டால் தண்ணீர் வருவது நல்லதுதான், மீன் வாயிலானாலும். படம் முடிந்தபின் பேச வேண்டியது இதைத்தான், அக்காமார்தான் பேச வேண்டும்.

அனுமதி விஷயத்தையும் பார்த்தாயிற்று. இந்தியச் சட்டப்படி ஒரு திரைப்படத்தின் பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு. அந்தக் கணக்கில் '2001' 2028 முடியும் வரை உரிமையில் இருக்கிறது, மற்ற மூன்றும் தாண்டிவிட்டன. ஆனாலும் இசைக்கும், கதை வசனத்துக்கும், புதிதாக மீட்டெடுத்த பிரதிக்கும் தனி உரிமை இருக்கலாம். ஆகவே எந்தப் படமானாலும் பிரதி வைத்திருப்பவர்களிடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுவது என்று வைத்துக்கொண்டோம். 'மோன் ஓங்கிள்' பிரதிக்குக் கடிதம் அனுப்பியாயிற்று. '2001'-க்கும் இப்போதே எழுதி வைக்கிறோம். கோடை விடுமுறையில் பெரிய பிள்ளைகளுக்குக் காலைக் காட்சியாகப் போட்டு, மத்தியானம் முத்தொரைக்கு வேன் பிடிக்க வேண்டும். 'மெட்ரோபொலிஸ்' தங்கையின் பொறுப்பு. எழுத்து அட்டைகளை அவள் தமிழாக்கி முடிக்கும் மாதம் எதுவோ, அந்த மாதம்.

நேற்று மூன்று பேரையும் உட்கார வைத்து இவ்வளவையும் சொன்னேன். அக்கா பொங்கலுக்கு எம்.ஜி.ஆர். உறுதிதானே என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அண்ணன் ஒன்றும் பேசாமல் எழுந்து போய்ச் சுவரைத் தடவிப் பார்த்தார். 'மோன் ஓங்கிள்' கலர் படம், இந்தச் சுவரில் ஈரம் கோத்து மஞ்சளடித்திருக்கிறது, அந்த வீட்டு வெள்ளையெல்லாம் பழுப்பாகத் தெரியும், மறுபடி அடித்தாக வேண்டும் என்றார். வெள்ளிக்கிழமைக்குள் காய வேண்டும். இரண்டு கிலோ சுண்ணாம்பு வாங்கி ஊறப்போட்டிருக்கிறோம்.